ஒற்றைப் பாலங்கள்: அவசர சேவைகளைக் காப்பது என்றால் என்ன?

மட்டக்களப்பின் படுவான்கரையில் வேளாண்மை வெட்டுக் காலம். இரவு ஒன்பது மணியிருக்கும். வயல் வாடியில் படுத்திருந்த ஒருவரைப் பாம்பு கடித்துவிடுகிறது. பக்கத்தில் இருந்த பையன் கைபேசியை எடுத்து அம்பியூலன்ஸ் இலக்கமான 1990ஐ அழுத்துகிறான். அந்த அழைப்பு எந்த வழியாகப் போகிறது என்று கொஞ்சம் பின்தொடர்ந்து பார்ப்போம்.

முதலில் அது பக்கத்து ஊரிலுள்ள தொலைபேசிக் கோபுரத்தைப் பிடிக்க வேண்டும். கோபுரத்துக்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் அடியில் உள்ள பற்றரி சில மணி நேரம் தாங்கும், அதற்குள் யாராவது டீசல் கொண்டுவந்து மின்பிறப்பாக்கியை ஓட்ட வேண்டும். கோபுரத்திலிருந்து வீதியோரம் புதைத்த கண்ணாடி இழைக் கேபிள் வழியாக அழைப்பு கொழும்புக்குப் பக்கத்தில் ராஜகிரியவில் உள்ள சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவையின் மையத்துக்குப் போகிறது. அங்கே ஒருவர் கணினித் திரையைப் பார்த்து, கடித்த இடத்துக்குக் கிட்ட எந்த அம்பியூலன்ஸ் நிற்கிறது என்று கண்டுபிடிக்கிறார். அந்தச் செய்தி திரும்பவும் அதே வழியால் மட்டக்களப்புக்கு வருகிறது. அப்புறம் அம்பியூலன்ஸில் எரிபொருள் இருக்க வேண்டும், வீதியில் வெள்ளம் ஏறியிருக்கக் கூடாது, பாலம் திறந்திருக்க வேண்டும், யானை மறித்து நிற்கக் கூடாது. வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தால் விஷமுறிவு மருந்து கையிருப்பில் இருக்க வேண்டும். மூச்சு திணறினால் செயற்கைச் சுவாச இயந்திரம் ஓட வேண்டும். அதற்கும் கரண்ட்தான்.

பையன் அழுத்தியது நான்கு இலக்கம். அதற்குப் பின்னால் மின்சார நிறுவனம், தொலைபேசிக் கம்பனி, வீதி அதிகார சபை, சுகாதாரத் திணைக்களம், எரிபொருள் நிலையம் என்று ஆளுக்கொரு கண்ணியாகப் பிடித்திருக்கிற ஒரு சங்கிலி இருக்கிறது. எந்த அலுவலகமும் அந்தச் சங்கிலி முழுவதற்கும் பொறுப்பில்லை. ஆனால் எந்தக் கண்ணி அறுந்தாலும் வயலில் கிடப்பவருக்கு நடப்பது ஒன்றுதான்.

அம்பியூலன்ஸ், பொலிஸ், தீயணைப்பு, வைத்தியசாலையின் விபத்துப் பிரிவு, அனர்த்த முகாமைத்துவ நிலையம் இவற்றை அவசர சேவைகள் என்கிறோம். மின்சாரம், குடிநீர், தொலைத்தொடர்பு, வீதி, பாலம், எரிபொருள், வங்கி, அரச தரவுகள் போன்றவை நின்றால் ஊரே நின்றுவிடும். அவற்றை உயிர்நாடிக் கட்டமைப்பு என்று சொல்லலாம். இரண்டையும் தனித்தனியாகக் காக்க முடியாது என்பதைத்தான் நான் இங்கே சொல்ல வருகிறேன். பாதுகாப்பு என்றதும் நம் மனதில் வாசலில் நிற்கும் காவலாளி வருகிறார், இல்லையென்றால் கணினியில் போடும் வைரஸ் தடுப்பு மென்பொருள் வருகிறது. இரண்டும் தேவைதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த இடத்தில் எது ஒன்று போனால் எல்லாம் போகும்?

மட்டக்களப்பாருக்கு இந்தக் கேள்வியைப் புத்தகம் வைத்து விளக்கத் தேவையில்லை. வாவி நடுவே ஓடுகிறது. சூரியன் உதிக்கும் பக்கம் எழுவான்கரை, மறையும் பக்கம் படுவான்கரை. எங்கே போவதென்றாலும் பாலம். 1924இல் கட்டிய கல்லடிப் பாலம், லேடி மானிங் பெயரில் இருந்த அந்த ஒடுங்கிய இரும்புப் பாலம், கிட்டத்தட்ட 90 வருடம் நகரத்தையும் தெற்குக் கரையோரத்தையும் இணைத்துக்கொண்டு நின்றது. 2013இல்தான் பக்கத்தில் புதுப் பாலம் திறந்தார்கள். மண்முனையில் 2014இல் பாலம் வரும்வரை ‘பாதை’தான். வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன்: இங்கே பாதை என்றால் வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை. பாதை அக்கரையில் நின்றால் நோயாளியோடு இக்கரையில் காத்திருக்க வேண்டியதுதான்.

அதனால் ஒன்றை மட்டும் நம்பி எல்லாம் நிற்கும் இடத்தை இந்தக் கட்டுரையில் ‘ஒற்றைப் பாலம்’ என்றே சொல்லப்போகிறேன். பொறியியலாளர்கள் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், எங்கள் பெயர் போதும். ஒற்றைப் பாலம் இரும்பாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஒரு கேபிள், ஒரு ட்ரான்ஸ்ஃபோமர், ஒரு கணினி, ஒரு பாஸ்வேர்ட், ஏன், ஒரு ஆள்கூட ஒற்றைப் பாலமாக இருக்கலாம்.

ஆள் எப்படிப் பாலமாவார் என்பதை நான் கண்ணால் கண்டேன். சில வருடங்களுக்கு முன் ஒரு மாரி காலத்தில் என் சின்னம்மாவை ஒரு வைத்தியசாலையில் சேர்த்திருந்தோம். இரவு கரண்ட் போனது. மின்பிறப்பாக்கி தானாகவே ஓடத் தொடங்கியது, எல்லோருக்கும் நிம்மதி. முக்கால் மணி நேரம் கழித்து அதுவும் நின்றது. டீசல் முடிந்துவிட்டது. டீசல் இல்லாமல் இல்லை, பின்னால் உள்ள அறையில் பரல் பரலாக இருக்கிறது. அறை பூட்டியிருக்கிறது. திறப்பு வைத்திருப்பவர் வெள்ளம் ஏறிய வீதிக்கு அந்தப் பக்கம் வீட்டில் இருக்கிறார். எதிர்க் கட்டிலில் கிடந்த முதியவருக்கு ஒரு தாதி ரப்பர் பையை இரண்டு கையாலும் அமத்தி அமத்தி மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தார். நான் கைபேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் எண்ணிக்கொண்டே அமத்தினார், ஒரு தடவைகூட என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. வெளியே ஒருவர் பூட்டை உடைக்கும் சத்தம் கேட்டது. சுமார் 20 நிமிடம். அந்த இரவில் எதிரி யாரும் இல்லை, கணினிக் கள்ளர் யாரும் இல்லை. ஒரு திறப்பு ஒரே ஒருவரின் சட்டைப் பையில் இருந்தது, அவ்வளவுதான்.

இதை வைத்தே அடுத்த விஷயத்தையும் விளங்கிக்கொள்ளலாம். சங்கிலிக்குக் காரணம் முக்கியமில்லை. புயல் அறுத்தாலும் குண்டு அறுத்தாலும் வைரஸ் அறுத்தாலும் அறுந்தது அறுந்ததுதான். 1978 நவம்பர் 23 சூறாவளியில் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து வீதிகள் அடைபட்டதை இன்றும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே அதிக உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில், 10,000க்கும் மேல். உதவி தேவைப்பட்ட அந்த நேரத்திலேயே கரையோர வீதிகளும் தொலைபேசிக் கம்பிகளும் உடைந்து கிடந்தன. 2024 நவம்பரில் காரைதீவு, மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் உழவு இயந்திரத்தை இழுத்துக்கொண்டு போனதில் மத்ரசா மாணவர்கள் உட்படப் பலரை இழந்தோம். வீதி என்பதும் உயிர்நாடிக் கட்டமைப்பு என்று அப்போது எனக்கு உறைத்த அளவுக்கு வேறு எப்போதும் உறைத்ததில்லை.

சின்னச் சம்பவம் பெரிய இருட்டாவதற்கு உதாரணம் 2025 பெப்ரவரி 9. பாணந்துறை மின் உபநிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து கம்பியில் பட்டது. நாடு முழுவதும் கரண்ட் போனது. குரங்குக்குச் சிரித்தவர்கள் பலர், ஆனால் விஷயம் குரங்கில் இல்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை பகல். கரண்ட் பாவனை குறைவு, சூரிய மின்சாரம் நிறைய. வலையமைப்பில் சுழன்றுகொண்டிருந்த கனத்த டர்பைன்கள் குறைவு. பெரிய சக்கரம் வேகமாகச் சுற்றும்போது சின்னத் தடங்கலைத் தாங்கிக்கொண்டு ஓடும், சக்கரம் சிறிதானால் உடனே தள்ளாடும். ஒன்று தள்ளாட மற்றொன்று தன்னைக் காத்துக்கொள்ளக் கழன்றுவிடும். இப்படியே ஒவ்வொன்றாக. நுரைச்சோலை அனல்மின் நிலையமும் நின்றதால் அடுத்த நாட்களிலும் மின்வெட்டு இருந்தது. பாணந்துறையில் ஒரு குரங்கு, எங்கள் களுவாஞ்சிக்குடியில் இருட்டு. இதற்கு வேலி உயர்த்துவது ஒரு பாதி. ஒரு இடத்துக் கோளாறு அந்த இடத்தோடு நிற்கும்படி வலையமைப்பை அமைப்பது மறு பாதி. எனக்கு இரண்டாவதுதான் முக்கியமாகத் தெரிகிறது, ஏனென்றால் எல்லாக் குரங்கையும் வேலியால் நிறுத்த முடியாது.

சரி, இனிக் கணினிப் பக்கம் வருவோம்.

கணினித் தாக்குதல் என்றால் ஏதோ மந்திரம் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அது யாரோ ஒருவரிடமிருந்து திறப்பைக் களவெடுப்பதுதான். 2015 டிசம்பர் 23இல் உக்ரைனின் மூன்று பிராந்திய மின்சாரக் கம்பனிகளுக்கு நடந்ததைப் பாருங்கள். மாதக்கணக்கில் முன்பே அங்குள்ள ஊழியர்களுக்கு உண்மையானவை போல மின்னஞ்சல்கள் வந்தன. இணைப்பை யாரோ திறந்தார்கள். அதோடு உள்ளே நுழைந்த நிரல் பாஸ்வேர்ட்களைச் சேகரித்தது. டிசம்பர் 23 பின்னேரம் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் தங்கள் திரையில் மவுஸ் அம்பு தானாக நகர்வதைக் கண்டார்கள். அது ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டே போனது. அவர்கள் மவுஸைப் பிடித்தாலும் அது கேட்கவில்லை. சுமார் 2,25,000 பாவனையாளர்களுக்கு இருட்டு. அதே நேரம் கம்பனியின் தொலைபேசி இலக்கங்களுக்குப் பொய் அழைப்புகளை வெள்ளமாக அனுப்பினார்கள். ‘எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை’ என்று சொல்லக்கூட மக்களால் முடியவில்லை.

அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அடுத்து நடந்தது. ஊழியர்கள் வாகனத்தில் ஏறி உபநிலையங்களுக்குப் போய்க் கையால் சுவிட்ச் போட்டார்கள். சில மணி நேரத்தில் கரண்ட் வந்தது. கையால் இயக்கும் வழியை அவர்கள் மறந்திருக்கவில்லை. நம் ஊரில் எல்லாவற்றையும் புதிதாகக் கணினிமயமாக்கும்போது பழைய கைப்பிடியைக் கழற்றிப் போடாதீர்கள் என்று நான் யாரிடம் கண்டாலும் சொல்வது இதனால்தான்.

வைத்தியசாலைகளுக்கு வந்த பெரிய அடி 2017 மே 12. வன்னாக்ரை என்ற ரான்சம்வேர், அதாவது உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டு ‘காசு தந்தால் திறக்கிறேன்’ என்று கேட்கும் நிரல், உலகம் முழுவதும் பரவியது. இங்கிலாந்தின் அரச வைத்தியசாலைகளில் ஆயிரக்கணக்கான சிகிச்சைகள் ரத்தாகின. சில வைத்தியசாலைகள் வந்த அம்பியூலன்ஸ்களை வேறு இடத்துக்குத் திருப்பிவிட்டன. அந்த ஓட்டையை அடைக்கும் மென்பொருள் திருத்தத்தை மைக்ரோசொஃப்ட் இரண்டு மாதம் முன்பே மார்ச்சில் கொடுத்திருந்தது. போடாமல் விட்ட கணினிகள்தான் அகப்பட்டன. நம் அலுவலகக் கணினியில் ‘அப்டேட் செய்யவா?’ என்று கேட்கும்போது ‘பிறகு’ என்று தள்ளுகிறோமே, அதுதான் இது.

வெளிநாட்டுக் கதை என்று ஒதுக்க வேண்டாம். 2023 ஓகஸ்ட்டில் இலங்கை அரச நிறுவனங்களின் மின்னஞ்சல்களை வைத்திருந்த அரச க்ளவுட் சேவையை ரான்சம்வேர் தாக்கியது. சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை. பயன்படுத்திய மென்பொருள் பழசு, அந்தக் காலத்துக்குரிய காப்புப் பிரதி தனியாகவும் எட்டாத இடத்திலும் இல்லை. பிரதி என்பது ஊரில் நெல்லைப் பிரித்து வைப்பது போல. எல்லா மூட்டையும் ஒரே பட்டறையில் இருந்தால் ஒரு நெருப்புக்கு எல்லாம் போய்விடும். ஒரு பிரதியாவது வலையமைப்பில் இணைக்காமல் கழற்றி, வேறு கட்டடத்தில் பூட்டி வைக்க வேண்டும். இணைத்தே இருக்கும் பிரதியையும் ரான்சம்வேர் சேர்த்தே பூட்டும். மாதம் ஒரு தடவையாவது அதைத் திறந்து உண்மையில் வேலை செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பாராமல் வைத்த பிரதி, முளைக்குமா என்று பாராமல் வைத்த விதைநெல்.

உள்ளிருந்து வரும் ஆபத்தும் உண்டு. 2000ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் மரூச்சி என்ற இடத்தில், கழிவுநீர்ப் பம்புகளின் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பொருத்திய கம்பனியில் வேலை செய்த ஒருவர், பிறகு உள்ளூராட்சி சபையில் வேலை கேட்டுக் கிடைக்காத கோபத்தில், ஒரு மடிக்கணினியையும் வானொலிக் கருவியையும் வைத்துப் பம்புகளைத் தூரத்திலிருந்தே குழப்பினார். சுமார் எட்டு லட்சம் லீற்றர் கழிவுநீர் பூங்காக்களிலும் ஆறுகளிலும் ஓடியது. எங்கள் பக்கம் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரைச் சுத்திகரித்துத்தான் மட்டக்களப்பில் குழாயில் குடிக்கிறோம். பம்பும் குளோரின் அளவும் கணினியால் நடக்கும் எந்த இடத்திலும் அந்தக் கணினியை அலுவலக இணையத்திலிருந்து பிரித்து வைப்பதும், வேலையை விட்டுப் போனவரின் பாஸ்வேர்டை அன்றே முடக்குவதும் ஏன் என்று இதிலிருந்து தெரியும். வீடு மாறியவரிடம் திறப்பைத் திரும்ப வாங்குகிறோம் இல்லையா, அதே பழக்கம்தான்.

ஒரு ஒற்றைப் பாலத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சியோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள், நிறையப் பேர் காயம். ஊரே போதனா வைத்தியசாலைப் பக்கம் ஓடியது, சிலர் சொந்தங்களைத் தேடி, சிலர் இரத்தம் கொடுக்க. அன்றே அரசாங்கம் வதந்தியைத் தடுக்க என்று பேஸ்புக், வட்ஸ்அப் போன்றவற்றை நாடு முழுவதும் முடக்கியது. அது சரியா பிழையா என்ற வாதம் வேறு. நான் சொல்ல வருவது, நம் குழுக்கள் எல்லாம் வட்ஸ்அப்பில்தான் இருக்கின்றன. இரத்ததானக் குழு, பள்ளிக் குழு, மீனவர் குழு, கிராம உத்தியோகத்தர் போட்ட குழு, எல்லாம். அதில் உள்ள ஒருவரின் இலக்கம்கூட நமக்கு மனப்பாடம் இல்லை. ஒரே ஒரு செயலி நின்றால் ஒரு ஊரே ஒருவரையொருவர் தொலைத்துவிடும். இலக்கங்களைக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுவது பழைய வேலை என்று தோன்றும். எனக்கு அது இரண்டாவது பாலம்.

வைத்தியசாலை வாசலில் கூட்டம் கூடுவதையும் சொல்லிவிடுகிறேன். அக்கறையில்தான் கூடுகிறோம். ஆனால் அம்பியூலன்ஸ் உள்ளே போகும் வழியை மோட்டார் சைக்கிள்களால் அடைத்தால், தாக்கியவர் செய்யாமல் விட்டதை நாமே செய்து முடிக்கிறோம். அதே மாதிரித்தான் விளையாட்டுக்குப் பொலிஸின் 119க்கோ 1990க்கோ அழைப்பது. உக்ரைனில் தாக்கியவர்கள் தொலைபேசியை அடைத்தது எப்படியோ, அதைத்தான் ஒரு பொய் அழைப்பும் சின்ன அளவில் செய்கிறது. பிள்ளைகளுக்கு இதை விளக்கிச் சொன்னால் விளங்கும். என் மகளிடம் வாடியில் கிடந்தவரின் கதையைச் சொன்னேன். ‘அப்ப நான் விளையாட்டுக்கு எடுத்தா, மறுகா அந்த ஆளுக்கு லைன் கிடைக்காதா அப்பா?’ என்று கேட்டாள். வேறு எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை.

சட்டப்படி நம் நாட்டில் சில அடித்தளங்கள் உண்டு. ஆழிப்பேரலைக்குப் பிறகு 2005இன் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது, அதன் வழியாகத்தான் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் மாவட்டப் பிரிவுகளும் வந்தன. அவசர இலக்கம் 117. கணினிச் சம்பவங்களுக்கு 2006இல் இலங்கை சேர்ட் என்ற அவசரப் பதில் குழு அமைக்கப்பட்டது, 2007இல் கணினிக் குற்றச் சட்டம். இவை இருப்பது நல்லது. ஆனால் டீசல் அறைத் திறப்பு யாரிடம் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்காது. அதை அந்தந்த இடத்தில் இருப்பவர்தான் கேட்க வேண்டும்.

ஒவ்வொரு வருடமும் ஒக்டோபரில், மாரி தொடங்கும் முன், இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். கிரான், புலிபாய்ந்தகல் வீதி மூழ்கினால் தோணி யாருடையது, இரவு ஓட்டுபவர் யார்? பாடசாலையை இடைத்தங்கல் முகாமாக்கினால் திறப்பு எத்தனை பேரிடம்? பிரதேச செயலகத்தில் கணினி ஓடாவிட்டால் நிவாரணப் பட்டியல் காகிதத்தில் இருக்கிறதா? கோபுரம் செத்தால் அடுத்த ஊருக்குச் செய்தி கொண்டுபோவது யார்? வைத்தியசாலையில் மாதம் ஒரு மணி நேரம் கணினியை வேண்டுமென்றே நிறுத்தி, கையால் பதிந்து, கையால் மருந்துச் சீட்டு எழுதிப் பார்த்தால், அந்த ஒரு மணி நேரத்தில் வெளிவரும் ஓட்டைகள் வேறு எதிலும் வெளிவராது. ஒத்திகை பார்க்காத திட்டத்தை நான் திட்டமாக எண்ணுவதில்லை.

சின்னம்மா பிறகு சுகமாகி வீடு வந்தார். அந்த முதியவரும் அன்று இரவு பிழைத்தார். இரண்டு வருடம் கழித்து ஒருவரைப் பார்க்க அதே வாட்டுக்குப் போனபோது நான் முதலில் தேடியது அந்தத் திறப்பை. டீசல் அறைக்கு இப்போது இரண்டு திறப்பு. ஒன்று காவலாளியிடம். மற்றது தாதியர் மேசைக்கு மேலே ஆணியில், இருட்டிலும் கைக்குத் தட்டுப்படும்படி சிவப்புத் துணி முடிச்சோடு தொங்குகிறது.